குதிரை பூட்டாத தேர்

சிங்கப்பெருமாள் கோயில் குடைவரையில் தீபாராதனை நடக்கும்போது, அர்ச்சகர் பாடலாத்ரி நரசிம்மரின் நெற்றி நாமத்தைச் சற்று விலக்கிக் காட்டுவார். உள்ளே மூன்றாவது கண். முன்வரிசையில் நிற்பவர்களுக்குத்தான் அது நன்றாகத் தெரியும் என்பதால், பின்னால் நிற்கும் அப்பாக்கள் பிள்ளைகளைத் தூக்கித் தோளில் வைத்துக்கொள்வார்கள். “தெரிஞ்சுதா கண்ணு?” என்று கீழிருந்து ஒரு கேள்வி. “சிங்கம் என்னையே பாக்குதுப்பா” என்று மேலிருந்து ஒரு பதில். சந்நிதி குன்றைக் குடைந்தது என்பதால் வலம்வர வேண்டுமானால் குன்றையே சுற்ற வேண்டும். அந்த நடைக்குள் பிரகலாதன் கதை ஒருமுறை முழுதாகச் சொல்லி முடிந்துவிடும். பின்புறம் நிற்கும் அழிஞ்சில் மரத்தடியில், பிள்ளை வேண்டும் என்று வேண்டிக்கொள்ள வந்தவர்களும் நிற்பார்கள்.

பிரகலாதன் கதை ஓர் அப்பாவும் மகனும் பேசிக்கொள்ளும் கதை. பாகவதத்தில் இரணியன் மகனை மடியில் உட்காரவைத்து, என்ன படித்தாய் என்று ஆசையாகக் கேட்பதில்தான் எல்லாம் தொடங்குகிறது. பள்ளி விட்டு வரும் பிள்ளையிடம் எல்லா வீட்டிலும் கேட்கும் கேள்விதான். கம்பர் தம் இராமாயணத்தில் இந்தக் கதைக்கென ஒரு படலமே ஒதுக்கினார். வீட்டில் இதைச் சொல்லும்போது ஒரு தூண் வேண்டும். கதவோ பீரோவோ தூணாகும். பிள்ளை அதன் பின்னால் ஒளிந்துகொள்ளும். அப்பா கதாயுதம் இல்லாமல் கையாலேயே தட்டுவார். சிங்கம் பாயும். ஒவ்வொரு முறையும் விழ வேண்டியவர் அப்பாதான், அதுவும் முழுதாக விழ வேண்டும். பாதி மனத்தோடு விழுந்தால் ஆட்டம் மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

பெற்றவர்களும் பிள்ளைகளும் சேர்ந்து ஆடும் இந்தப் பாவனை ஆட்டத்துக்குத் தொண்டை மண்டலத்தில் நீண்ட வரலாறு உண்டு. காஞ்சிக்கும் மாமல்லைக் கடலுக்கும் இடைப்பட்ட இந்த நிலத்தில் புலவரும் சிற்பியும் தச்சரும் அதைக் கவனித்துப் பதிந்துவைத்திருக்கிறார்கள். அரசர்களின் போரும் கொடையும் பாடவந்த இடத்தில்கூட, தரையில் ஊர்ந்து விளையாடும் பிள்ளைக்கு அவர்கள் இடம் விட்டார்கள்.

உழவர் வீட்டுச் சிறுதேர்

காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாட வந்த கடியலூர் உருத்திரங்கண்ணனார், 500 அடியில் பெரும்பாணாற்றுப்படையை இயற்றினார். வறுமையில் வாடும் பாணனுக்குக் காஞ்சி செல்லும் வழியைச் சொல்வது பாட்டின் ஏற்பாடு. காடு, முல்லை நிலம், வயல், நீர்ப்பெயற்று என்னும் துறைமுகம், பிறகு தலைநகர் என்று வழி நீள்கிறது. நீர்ப்பெயற்று இன்றைய மாமல்லபுரமாக இருக்கலாம் என்று கருதும் ஆய்வாளர்கள் உண்டு. ஏறத்தாழ 1,800 ஆண்டுப் பழமை சொல்லப்படும் இந்தப் பாட்டை உ.வே. சாமிநாதையர் 1889இல் பத்துப்பாட்டோடு சேர்த்து அச்சேற்றினார்.

மருத நிலத்தில் பாணன் ஓர் உழவர் வீட்டைக் கடக்கிறான். ஏணி எட்டாத உயரத்துக்கு நெற்கூடுகள் நிற்கும் வீடு அது. அங்கே சிறுவர்கள் ஒரு மரத்தேரை உருட்டி உருட்டிக் களைத்துப் போகிறார்கள். ஏறிச் செல்ல முடியாத தேர், விளையாட மட்டுமே ஆனது. களைத்த பிள்ளைகளைச் செவிலியர் அள்ளி அணைத்துப் பாலூட்ட, அவர்கள் படுக்கையில் உறங்கிப்போகிறார்கள். காட்சி இவ்வளவுதான். ஆனால் அந்தத் தேரைப் பற்றிப் புலவர் சொல்லும் ஒரு குறிப்பு அருமையானது: தச்சர் வீட்டுச் சிறுவர்களே ஆசைப்படும்படி அது செய்யப்பட்டிருந்ததாம். உளிக்கும் இழைப்புளிக்கும் நடுவில், உண்மையான தேர்ச் சக்கரங்களைப் பார்த்து வளரும் பிள்ளைகள் அவர்கள். அவர்கள் ஒரு பொம்மை வண்டிக்கு ஏங்கினார்கள் என்றால் வேலைப்பாடு எப்படி இருந்திருக்கும்! அந்தக் காலத் தச்சர் பொம்மையை ஏனோதானோவென்று செய்துவிடவில்லை என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை.

இதே புலவர் பெயரால் வழங்கும் பட்டினப்பாலையிலும் ஒரு சிறுதேர் வருகிறது. இடம் காவிரிப்பூம்பட்டினம். முற்றத்தில் உலரும் தானியத்தைக் கோழி கொத்த, வீட்டுப் பெண்கள் காதில் கிடந்த கனத்த குழையைக் கழற்றி எறிகிறார்கள். பொற்குழை போய்க் கிடக்கும் இடத்தில், சிறுவர்கள் குதிரை இல்லாமல் உருட்டிவரும் மூன்று சக்கரத் தேர் முட்டி நிற்கிறது. பாட்டைக் கேட்பவர்களுக்கு இது சோழநாட்டின் செல்வச் செழிப்பைக் காட்டும் காட்சி. தேர் உருட்டிய சிறுவனுக்கோ அது சாலை மறிப்பு.

இரண்டு பாட்டிலும் புலவர் தேரில் இல்லாததையும் சேர்த்தே சொல்கிறார். ஒன்றில் ஏறுவதற்கு ஆளில்லை, மற்றொன்றில் இழுப்பதற்குக் குதிரையில்லை. இல்லாத குதிரையைப் பிள்ளை தானே கொண்டுவருகிறது. 1933இல் லெனின்கிராடில் குழந்தை விளையாட்டைப் பற்றி உரையாற்றிய உளவியலாளர் லெவ் வைகாட்ஸ்கி, ஒரு குச்சி குதிரையாகும் கணத்தில்தான் குழந்தையின் மனம் கண்ணெதிரே இருக்கும் பொருளிலிருந்து விடுபட்டுக் கருத்தைப் பிடித்துக்கொள்ளத் தொடங்குகிறது என்று விளக்கினார். உருத்திரங்கண்ணனார் விளக்கம் எதுவும் எழுதவில்லை. ஆனால் பிள்ளை விளையாடும்போது எதைப் பார்க்க வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

பொம்மை வண்டி தமிழகத்துக்கு மட்டும் உரியதல்ல. அரப்பாவிலும் மொகஞ்சதாரோவிலும் சுடுமண் வண்டிகள் ஏராளமாகக் கிடைத்தன. சூத்திரகரின் சமஸ்கிருத நாடகமான மிருச்சகடிகம் ஒரு மண்வண்டியின் பெயரையே தாங்கி நிற்கிறது. அண்டை வீட்டுப் பிள்ளையின் பொன் வண்டியைப் பார்த்துவிட்டு, மண் வண்டி வேண்டாம் என்று அழும் சிறுவனிடம் வசந்தசேனை தன் நகைகளைக் கழற்றி அந்த மண் வண்டியை நிரப்பித் தருகிறாள். பண்டிதமணி கதிரேசச் செட்டியார் இதை மண்ணியற் சிறுதேர் என்று தமிழாக்கினார்.

சிறுதேரைப் பார்த்து நின்ற அப்பாக்களும் நம் பாட்டுகளில் உண்டு. ஐங்குறுநூற்றின் முல்லைப் பகுதியில் பேயனார், மகளின் குடும்பத்தைப் பார்த்துவிட்டு வந்த செவிலி பேசுவதாகப் பத்துப் பாடல்கள் பாடினார். அவற்றில் ஒன்றில் தலைவன் தன் மகன் சிரித்துக்கொண்டே தளர்நடையில் சிறுதேர் உருட்டுவதைப் பார்க்கிறான். பிள்ளைக்கு அவன் தன் தந்தையின் பெயரை வைத்திருக்கிறான். மனைவிமேல் இருந்த அன்பைவிட மகன்மேல் அன்பு பெரிதாகிவிட்டது என்று செவிலி மகிழ்ந்து சொல்கிறாள். அதே பத்தின் முதல் பாடலில் கணவனும் மனைவியும் படுத்திருக்க, நடுவே பிள்ளை கிடக்கிறது.

பாற்கிண்ணத்தோடு ஓடியவர்கள்

பிள்ளைக்குச் சோறூட்டுவது எந்தக் காலத்திலும் ஓட்டப்பந்தயம்தான். நற்றிணையில் போதனார் பாடிய 110ஆம் பாடலில், தேன் கலந்த பாலைப் பொற்கிண்ணத்தில் ஏந்திக்கொண்டு நரைத்த தலைச் செவிலியர் ஒரு சிறுமியைத் துரத்துகிறார்கள். ஒரு கையில் கிண்ணம், மறு கையில் மிரட்டுவதற்கு ஒரு கோல். அந்தக் கோலின் நுனியிலும் பூ சுற்றியிருக்கிறது. தவறிப் பட்டாலும் வலிக்கக் கூடாது. சிறுமி காற்சிலம்பு ஒலிக்க முற்றத்துப் பந்தலை நோக்கி ஓடுகிறாள். செவிலியர் மூச்சுவாங்கி நின்றுவிடுகிறார்கள். அந்தப் பெண் வளர்ந்து, கணவன் வீட்டு வறுமையிலும் பிறந்த வீட்டுச் சோற்றை நினைக்காமல் வாழ்கிறாளே என்று வியப்பதுதான் பாட்டின் முடிபு. வியப்பின் கனத்தைக் காட்டப் புலவருக்குக் கிடைத்தது ஒரு பாற்கிண்ணம்.

நெய்தல் நிலத்துப் பாடல் ஒன்று இன்னும் ஒரு படி மேலே போகிறது. நற்றிணையின் 172ஆம் பாடலில், சிறுமிகள் கடற்கரை வெண்மணலில் புன்னைக் காயைப் புதைத்து விளையாடி, பிறகு மறந்தே போகிறார்கள். அது முளைத்துவிடுகிறது. நெய் கலந்த பாலை ஊற்றி அதை வளர்க்கிறார்கள். அம்மா அதைப் பார்த்து, இந்தச் செடி உன்னைவிட நல்லவள், இவள் உன் அக்கா தங்கை முறை என்று சொல்லிவிடுகிறாள். மகள் அதை மறக்கவேயில்லை. வளர்ந்தபின் அந்த மரத்தடியில் காதலனோடு பேசிச் சிரிக்க அவளுக்கு வெட்கம் வருகிறது. உடன்பிறந்தவள் எதிரில் எப்படி?

அம்மா அந்தச் சொல்லை யோசித்துச் சொல்லியிருக்க மாட்டாள். கைவேலைக்கு நடுவில், மகள் நட்ட செடியைப் பார்த்துச் சொன்ன ஒரு வார்த்தை. பிள்ளையின் பாவனைக்குள் பெரியவர் ஒருவர் அடியெடுத்து வைத்ததும், பிள்ளைக்கு அது உறவாகவே ஆகிவிடுகிறது.

நடுவில் அமர்ந்த குழந்தை

சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் வழியாகக் கிழக்கே போனால் மாமல்லபுரம். யுனெஸ்கோ 1984இல் உலக மரபுச் சின்னமாக அறிவித்த இந்த ஊரைப் பற்றி எழுதுபவர்கள் பல்லவர் போர்களையும் கட்டடக் கலையையும் விரிவாகச் சொல்வார்கள். கைப்பிடித்து வரும் ஐந்து வயதுப் பிள்ளை வேறு ஒரு மாமல்லபுரத்தைப் பார்க்கும்.

சிவன் ஒருபுறம், உமை ஒருபுறம், இடையே குழந்தை முருகன் இருக்கும் சோமாஸ்கந்தர் திருவுருவத்தைக் கருவறைப் பின்சுவரில் செதுக்கும் வழக்கம் பல்லவர் காலத்தில் இங்கே வேரூன்றியது. தருமராசர் ரதத்தின் மேல்தளத்தில் அது இருக்கிறது. மகிடாசுரமர்த்தினி குடைவரையின் நடு அறையில் பெரிய அளவில் இருக்கிறது. அங்கே குழந்தை அம்மாவின் மடியில். சாளுவன்குப்பம் அதிரணசண்ட மண்டபத்திலும், இராசசிம்மன் 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுப்பிய கடற்கரைக் கோயிலின் சிவன் சந்நிதிகளிலும் இதே குடும்பம்தான். காஞ்சி கைலாசநாதர் கோயிலில் திரும்பத் திரும்ப வருகிறது. பின்னாளில் சோழர்கள் இதைச் செப்புத் திருமேனியாக வார்த்து வீதியுலா எடுத்தார்கள். திருவாரூர்த் தியாகராசர் இந்தத் திருக்கோலமே. இறைவன் உலகை ஆள்பவன் என்று சொல்ல வந்த அரசமரபு, மடியில் பிள்ளை நெளியும் ஒரு வீட்டுக் காட்சியைக் கருவறைக்குத் தேர்ந்தெடுத்தது. பேயனார் பாட்டில் பெற்றோர்க்கு நடுவே கிடந்த பிள்ளை இங்கே கல்லில் எழுந்து உட்கார்ந்துவிட்டது போலத் தோன்றும்.

கிருஷ்ண மண்டபத்துக்குள் போனால் கோவர்த்தன மலை. முன்னால் இருக்கும் தூண் மண்டபம் விசயநகரக் காலத்தில் சேர்ந்தது. பாறைச் சிற்பம் 7ஆம் நூற்றாண்டினது. கண்ணன் மலையைத் தூக்கி நிற்கிறான், புயல் மழைக்கு ஆயர்பாடியே அடியில் ஒதுங்கியிருக்கிறது. ஆனால் யாரும் அஞ்சி நடுங்கவில்லை. ஒருவர் குத்துக்காலிட்டு அமர்ந்து பால் கறக்கிறார். பசு தலையைத் திருப்பித் தன் கன்றை நக்கிக்கொண்டிருக்கிறது. நாக்கின் வளைவுகூடக் கல்லில் தெரிகிறது. பெண் ஒருத்தி தலையில் பானைகளோடு நிற்கிறாள். பிள்ளையைத் தோளில் ஏற்றிய ஆயர் ஒருவரும் இருக்கிறார். மலையே தலைக்கு மேல் தொங்கும்போதும் பிள்ளையைத் தூக்கி வேடிக்கை காட்டுவது நிற்கவில்லை. சிற்பி இதைச் செதுக்கியிராவிட்டாலும் கண்ணனின் பெருமை குறைந்திருக்காது. அவர் செதுக்கினார்.

பக்கத்திலேயே ஏறக்குறைய 30 மீட்டர் நீளத்துக்கு விரியும் அருச்சுனன் தபசுப் பாறை. அது அருச்சுனன் தவமா, பகீரதன் தவமா என்று அறிஞர்கள் விவாதித்துக்கொண்டே இருக்கிறார்கள். பிள்ளைகளின் கண் நேராகப் பெரிய யானையின் கால்களுக்கு நடுவே ஒளிந்திருக்கும் குட்டிகளுக்குப் போகும். அடுத்தது பூனை. தவம் செய்யும் முனிவரைப் பார்த்து அதுவும் இரு கைகளைத் தூக்கி நிற்க, எலிகள் அதைச் சுற்றி நிற்கின்றன. பெரியவர்கள் செய்வதை அப்படியே செய்து காட்டும் விளையாட்டு எந்தப் பிள்ளைக்கும் பழக்கம் என்பதால், இந்தப் பூனையை யாரும் விளக்க வேண்டியிருக்காது. இன்னொரு கல்லில் தனியாக வடிக்கப்பட்ட குரங்குக் குடும்பம். ஆண் குரங்கு பெண்ணுக்குப் பேன் பார்க்க, பெண் குரங்கின் மார்பில் குட்டி பால் குடிக்கிறது.

சற்றுத் தள்ளிச் சரிவில் நிற்கும் உருண்டைப் பாறைக்குக் கிருஷ்ணரின் வெண்ணெய் உருண்டை என்று பெயர். சுமார் 250 டன் எடை. 1908இல் சென்னை ஆளுநர் ஆர்தர் லாலி ஏழு யானைகளைக் கட்டி இழுக்கவைத்தும் அது அசையவில்லை என்று சொல்வார்கள். அதற்குக் கீழே உள்ள பாறைச் சரிவு சறுக்கி விளையாடியே வழவழப்பானது. வெண்ணெய் உருண்டை, பஞ்சபாண்டவர் ரதம், திரௌபதி ரதம் ஆகிய பெயர்களைப் பல்லவ மன்னர்கள் வைக்கவில்லை. ஊரார் பிற்காலத்தில் கதை கட்டி வைத்த பெயர்கள் அவை. கல்லைப் பார்த்து இது இன்னாருடையது என்று சொல்லும் பழக்கம் பிள்ளைகளிடம் மட்டும் இருப்பதல்ல.

மாதத்துக்கு ஒரு விளையாட்டு

9ஆம் நூற்றாண்டு வாக்கில் வில்லிபுத்தூர்ப் பெரியாழ்வார் யசோதையாக மாறிப் பாடினார். தொட்டிலில் தாலாட்டினார். நிலாவைக் கூப்பிட்டார். கை கொட்டச் சொன்னார். தளர்நடை பார்த்தார். பிள்ளை பின்னால் ஓடிவந்து முதுகைக் கட்டிக்கொள்வதற்கென்றே தனியாகப் பத்துப் பாடல்கள் இருக்கின்றன. கண்ணிமையை மடக்கி, முகத்தைக் கோரமாக்கிப் பயமுறுத்தும் அப்பூச்சி விளையாட்டுக்குப் பத்து. தலைவாரும்போது பிள்ளை திமிறாமலிருக்கக் காக்கையைக் கூப்பிடுவதற்குப் பத்து. காது குத்த, குளிப்பாட்ட, பூச்சூட்ட என்று வளர்ந்துகொண்டே போகும் இந்தப் பட்டியலைப் பார்த்தால், ஒரு வீட்டில் காலையிலிருந்து இரவுவரை நடப்பது எதையும் ஆழ்வார் விட்டுவைக்கவில்லை என்பது புரியும். வைணவக் கோயில்களில் திவ்யப்பிரபந்தத்தோடு இன்றும் இந்தப் பாடல்கள் ஓதப்படுகின்றன.

12ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் இரண்டாம் குலோத்துங்க சோழன்மீது பாடியதே இன்று கிடைக்கும் பிள்ளைத்தமிழ் நூல்களில் மிகப் பழையது. அதன்பின் இந்த வகை நிலைபெற்றது. ஆண்பால், பெண்பால் இரண்டுக்கும் பத்துப் பத்துப் பருவங்கள். பாட்டியல் நூல்கள் இவற்றைக் குழந்தையின் வயதோடு பொருத்தின. ஐந்தாம் மாதம் ஒரு காலை மடக்கி, இரு கைகளையும் ஊன்றித் தலை நிமிர்த்தி ஆடும் செங்கீரை. ஏழாம் மாதம் தாலாட்டு. ஒன்பதில் கைகொட்டும் சப்பாணி. பிறகு முத்தம், வருகை, அம்புலி, சிற்றில், சிறுபறை. இருபத்தொன்றாம் மாதம் சிறுதேர். பெண் குழந்தைக்குக் கடைசி மூன்றும் அம்மானை, நீராடல், ஊசல் என்று மாறும். இன்று குழந்தை மருத்துவர் சுவரில் மாட்டியிருக்கும் வளர்ச்சி அட்டவணையில் உள்ளவை இதிலும் பெரும்பாலும் இருக்கின்றன: தலை நிற்பது, கை சேர்வது, நடப்பது, தள்ளுவது. அந்த அட்டவணையில் இல்லாத ஒன்றும் இருக்கிறது. ஒவ்வொரு பருவத்திலும் பெரியவர் எதிரில் உட்கார்ந்து, வா, தட்டு, கொடு என்று கேட்க வேண்டும்.

அம்புலிப் பருவம் புலவர்களுக்கே சோதனை. பிள்ளையோடு விளையாட நிலாவை அழைக்க வேண்டும், அது வராது என்பது எல்லாருக்கும் தெரியும். எனவே சாமம், தானம், பேதம், தண்டம் என்ற நான்கு அரசியல் உபாயங்களையும் நிலாவின்மேல் பிரயோகித்தார்கள். நீயும் இவனும் ஒன்று என்று உறவாடினார்கள், வந்தால் இன்னது கிடைக்கும் என்று ஆசை காட்டினார்கள், வராவிட்டால் என்ன ஆகும் என்று மிரட்டினார்கள். மொட்டை மாடியில் நிலாச்சோறு ஊட்டும் அம்மாவும் இதே வரிசையில்தான் பேசுகிறார். 1947 சூலையில் சென்னையில் நாகிரெட்டியும் சக்ரபாணியும் தொடங்கிய குழந்தைகள் இதழுக்குத் தமிழில் அம்புலிமாமா என்று பெயர் வைத்தபோது, அந்தப் பெயரை எந்த வீட்டுக்கும் அறிமுகப்படுத்த வேண்டியிருக்கவில்லை.

இப்போது பல வீடுகளில் நிலாவின் இடத்தில் செல்போன் இருக்கிறது. ஒரு கை ஊட்ட, எதிரே திரை ஓடுகிறது. இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம், இரண்டிலிருந்து நான்கு வயதுவரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் அறிவுறுத்தியது. வேலைக்குப் போய்த் திரும்பி, சமைத்து, ஊட்டவும் செய்யும் பெற்றோரைக் குறை சொல்வதில் பொருளில்லை. ஆனால் இழப்பு எது என்று தெரிய வேண்டும். நிலா எதுவும் பேசாது. அதனால் அம்மா பேச வேண்டியிருந்தது, பிள்ளை பதில் சொல்ல வேண்டியிருந்தது. திரை தானே பேசிவிடுகிறது.

மணல் வீடு

சிற்றில் என்பது சிறுமிகள் மணலில் கட்டும் வீடு. பையன்கள் வந்து காலால் அழிப்பார்கள். கலித்தொகையில் தலைவியொருத்தி தன் காதலனைத் தோழிக்கு நினைவூட்டும்போது, சிறுவயதில் நம் மணல் வீட்டைச் சிதைத்தானே அந்தப் பயல் என்றுதான் தொடங்குகிறாள். ஆண்டாள் கண்ணனிடம், எங்கள் சிற்றிலை அழிக்காதே என்று மன்றாடிப் பத்துப் பாடல்கள் பாடினாள்.

மாமல்லபுரம் கடற்கரையில் மணல் வீடு கட்டுவது பிள்ளைகளோடு நிற்பதில்லை. ஆண்டுதோறும் மாசி மகப் பௌர்ணமியை ஒட்டி இருளர் குடும்பங்கள் பல ஊர்களிலிருந்தும் இங்கே வந்து கூடுகின்றன. சேலைகளையும் துணிகளையும் கட்டிக் குடில் அமைத்து மணலிலேயே தங்குவார்கள். விடியற்காலையில் கடலோரம் மணலைக் குவித்துப் படிகள் அமைத்து, பூவும் பழமும் வைத்துக் கன்னியம்மனை அழைத்து வழிபடுவார்கள். திருமணம், காதுகுத்து, பிள்ளைக்குப் பெயர் வைப்பது எல்லாம் அங்கேயே நடக்கும். பாட்டி மணலைத் தட்டிப் படியைச் சமன் செய்யும்போது பேரப்பிள்ளைகள் ஈரமண்ணை அள்ளிவந்து கொட்டுகிறார்கள். எது விளையாட்டு, எது வழிபாடு என்று அந்தப் பிள்ளைகளிடம் கேட்டால் பதில் கிடைப்பது கடினம். பெயர் வைக்கப்பட்ட கைக்குழந்தையும் சில ஆண்டுகளில் அதே மணலில் படி கட்டும்.

நடைவண்டியும் நுங்கு வண்டியும்

பட்டினப்பாலையில் உருண்ட மூன்று சக்கரத் தேருக்கு இன்றைய வாரிசு நடைவண்டி. முன்னால் ஒரு சக்கரம், பின்னால் இரண்டு, நெஞ்சளவில் பிடிக்க ஒரு குறுக்குக் கட்டை. பிடித்து எழுந்து தள்ளினால் வண்டி நகரும், வண்டியோடு பிள்ளையும் நகரும். வீட்டில் முதல் பேரன் பிறந்தால் ஊர்த் தச்சரிடம் சொல்லிவைக்கும் பழக்கம் இருந்தது. ஒரு பிள்ளைக்குச் செய்தது அடுத்தடுத்த பிள்ளைகளுக்கும், பிறகு அத்தை வீட்டுக்கும் போகும். அதோடு அம்பாசமுத்திரத்து மரச்சொப்பும் காஞ்சிபுரம் பொம்மைக்காரத் தெருவின் கொலு பொம்மைகளும் சேர்ந்தால், ஒரு கூடத்தில் ஊர் ஒன்றையே அமைத்துவிடலாம்.

தச்சருக்குக் கொடுக்கக் காசில்லாத வீட்டில் பனைமரம் இருந்தது. செங்கல்பட்டிலிருந்து கடற்கரை வரை ஏரிக்கரைகளில் பனை நிற்கிறது. கோடையில் நுங்கு சீவித் தின்றபின் மிஞ்சும் இரண்டு கூந்தல்தான் சக்கரம். முழங்கை நீளத்துக்கு ஒரு குச்சியை இரு முனையும் கூராகச் சீவி, ஒவ்வொரு கூந்தலின் நடுவிலும் குத்தி அச்சாக்க வேண்டும். பிறகு கவட்டையாகப் பிரியும் நீளக் கழி ஒன்று. கவட்டையை அச்சின்மேல் பொருத்தித் தள்ளினால் நுங்கு வண்டி ஓடும். குத்துகிற இடம் நடுவிலிருந்து விலகினால் வண்டி நொண்டும், பிள்ளை உடனே கண்டுபிடித்துவிடும். இரண்டு மூன்று நாளில் கூந்தல் காய்ந்து சுருங்கி அச்சு கழன்றுவிடும். அப்பாவோ தாத்தாவோ மறுபடி சீவித் தர வேண்டும். புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டிய பொம்மை என்பதால், பெரியவரும் கோடை முழுதும் அந்த விளையாட்டில் இருந்தாக வேண்டும்.

சிறுதேர் உருண்ட இந்த நிலம் இப்போது உண்மையான வண்டிகள் செய்கிறது. சிங்கப்பெருமாள் கோயிலை அடுத்த மறைமலை நகரில் 1990களில் தொடங்கிய ஃபோர்டு தொழிற்சாலை 2022இல் உற்பத்தியை நிறுத்தியது. மகிந்திரா சிட்டியில் 2007 முதல் பி.எம்.டபிள்யூ கார்கள் தயாராகின்றன. ஒரகடத்தில் 2010இல் ரெனோ-நிசான் ஆலை வந்தது. ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கும் அப்பாவிடம் பிள்ளை கேட்பது, கவிழ்த்துப் போட்ட பிளாஸ்டிக் நாற்காலியில் பின்னால் ஏறிக்கொள்ளச் சொல்லித்தான். பகல் முழுதும் காருக்குக் கதவு பொருத்தியவர், கதவே இல்லாத காரில் டிக்கெட் வாங்கி உட்கார்கிறார்.

பொம்மைத் தொழிலுக்கு வருவோம். பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரையைக் கட்டாயமாக்கும் மத்திய அரசின் தரக்கட்டுப்பாட்டு ஆணை 2021 சனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. நச்சுச் சாயம், உடையும் துண்டு ஆகியவற்றிலிருந்து பிள்ளைகளைக் காக்க அது தேவைதான். கைவினை வளர்ச்சி ஆணையரகத்தில் பதிவு செய்த கைவினைஞர்களுக்கும் புவிசார் குறியீடு பெற்ற பொருள்களுக்கும் அதில் விலக்கு உண்டு. நடைவண்டி செய்யும் ஊர்த் தச்சர்களுக்கு இந்த விலக்கைப் பற்றிச் சொல்வதும் பதிவு செய்ய உதவுவதும் மாவட்டத் தொழில் மையம் போன்ற அலுவலகங்கள் செய்யக்கூடிய வேலை.

மாமல்லபுரத்தின் கற்சிற்பங்களுக்கு 2017இல் புவிசார் குறியீடு கிடைத்தது. 1957இல் அங்கே தொடங்கிய சிற்பப் பள்ளி இன்று அரசுக் கல்லூரி. கல்லோடு மரச்சிற்பமும் பாடம். பெரும்பாணாற்றுப்படையின் சிறுதேரை அந்த மாணவர்கள் செய்து பார்க்கலாம். அது எவ்வளவு உயரம், எந்த மரம் என்பதைப் புலவர் சொல்லவில்லை, அதையெல்லாம் அவர்களே தீர்மானித்துக்கொள்ளலாம். வேலை சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்கும் அளவுகோலை மட்டும் அவர் கொடுத்திருக்கிறார்: பட்டறைத் தச்சரின் சொந்தப் பிள்ளை அதைப் பார்த்துவிட்டு, எனக்கும் ஒன்று வேண்டும் என்று அடம்பிடிக்க வேண்டும்.